சீர்த் தட்டில் ஒரு டேப்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பல் துலக்கி முடிப்பதற்குள் இந்திராணி அக்காவிடமிருந்து போன். மிதுனாவுக்குக் காது குத்த நாள் குறித்துவிட்டார்களாம். செப்டம்பர் எட்டாம் தேதி, வத்தலக்குண்டில், மச்சானின் குலதெய்வக் கோவிலில். தாய்மாமன் நான் ஒருவன்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதும் நான், சீர் கொண்டு போக வேண்டியதும் நான்.

"பெருசா ஒண்ணும் செய்யாத தம்பி. மிதுனாவுக்குத் தோடு போதும். ஆனா வினோவுக்கு ஒரு லேப்டாப் எடுத்துக் குடுத்துரு" என்றவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவளுக்குக் கடைசி வருசம். வேலைக்கு டெஸ்ட்டெல்லாம் வீட்ல இருந்தே எழுதணுமாம். உங்க மச்சான்ட்ட கேட்டா, போன் இருக்குல்ல, அதுல எழுதச் சொல்லுங்கிறாரு. சீரோட சீரா வந்துட்டா இங்க யாரும் வாயத் தெறக்க மாட்டாங்க."

வினோதினி அக்காவின் மூத்த மகள். திண்டுக்கல் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். மிதுனா இளையவள், ஏழு வயது.

"கம்ப்யூட்டர் விசயத்த எங்கிட்ட விட்டுட்டல்ல, நிம்மதியா இரு" என்றேன். மதுரையில் ஒரு பாலிடெக்னிக் அலுவலகத்தில் நான் சூப்பரெண்டு. என் அறைக்கு எதிர் அறை கம்ப்யூட்டர் பிரிவு. எங்கள் குடும்பத்தில் ஒரு மவுஸ் வாங்குவதென்றாலும் இந்தத் தவமுருகனைக் கேட்காமல் வாங்குவதில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சமையல் கேஸ் வந்தது. தண்ணீர் வரவில்லை.

என் மனைவி செண்பகம் சீர்த் தட்டுகளுக்குக் கணக்குப் போட உட்கார்ந்தாள். பழம், பூ, வேட்டி சேலை, இனிப்பு, வளையல் என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்கு மனம் அதில் இல்லை. மல்லிகாவின் மகனுக்குக் காது குத்தியபோது அவள் தம்பி கொண்டு வந்த சீர் கண்ணுக்குள் நின்றது. மல்லிகா அக்காவின் ஓரகத்தி, மச்சானின் தம்பி மனைவி. அவள் தம்பி செண்டை மேளத்தோடு பிரிட்ஜை மினி லாரியில் ஏற்றி, அதற்கு ரோஜா மாலை போட்டுக் கொண்டு வந்தான். ஊரே நின்று பார்த்தது. அக்காவும் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள் என்பது என் நினைப்பு. செண்பகம் அப்படி எதுவும் இல்லை என்கிறாள்.

ஆகஸ்ட் 24, சனி

பைபாஸ் ரோட்டுக் கடைக்குப் போனேன். விற்பனைக்கு நின்ற பெண் இரண்டை எடுத்து வைத்தாள்.

ஒன்று சின்ன லேப்டாப். கறுப்புப் பிளாஸ்டிக். மூடி வைத்தால் டிபன் பாக்ஸ். திரை மங்கல், திறக்கும்போது ஒரு முனகல் வேறு. மற்றது டூ இன் ஒன். பார்க்க டேப், கீபோர்டைப் பக்கத்தில் கொண்டு போனால் காந்தம் இழுத்து ஒட்டிக்கொள்கிறது, பிரித்தால் கையோடு வருகிறது. வெள்ளி நிறம். திரையைத் தொட்டால் மீன் நீந்துகிறது. எழுத ஒரு பேனா. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை.

"எதுக்கு யூஸ் பண்ணப் போறீங்க சார்?" என்று கேட்டாள்.

"சீருக்கு" என்றேன்.

அவள் ஒரு நொடி யோசித்தாள். "அப்ப டேப்தான் சார் நல்லா இருக்கும்" என்றாள்.

நான் கேட்காமல் விடவில்லை. "லேப்டாப் செய்யிற வேலையெல்லாம் இது செய்யுமா?" என்றேன். "நெட் பாக்கலாம், டைப் பண்ணலாம், கிளாஸ் அட்டெண்ட் பண்ணலாம், எல்லாம் பண்ணலாம் சார்" என்றாள். கீபோர்டு இருக்கிறது, திரை இருக்கிறது, கேமராவும் இரண்டு இருக்கிறது. இதற்கு மேல் ஒரு கம்ப்யூட்டரில் என்ன இருந்துவிடப் போகிறது? அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

வினோவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். நீளமானது. அலுவலகத்தில் ஆள் இருந்ததால் காதோடு வைத்துக் கேட்டேன். "மாமா, அம்மா சொன்னாங்க. தேங்க்ஸ் மாமா. ரொம்ப வெலையில வேணாம். சாதாரண சின்ன லேப்டாப்பே போதும், ஆனா விண்டோஸ் இருக்கணும், டேப் மாதிரி வேணாம், ஏன்னா..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் முதல்வர் கூப்பிட்டார். மீதியை அப்புறம் கேட்கவில்லை. சின்னப் பிள்ளை, செலவு வைக்கக் கூடாதென்று கூச்சப்படுகிறது. அவள் அம்மாவின் குணம்.

ஆகஸ்ட் 31, சனி

டேப் வாங்கிவிட்டேன்.

செண்பகத்தின் கணக்கில் சின்ன லேப்டாப்பைச் சேர்த்தால் தட்டு இரட்டைப்படையில் நின்றது. சீரில் ஒற்றைப்படைதான் வர வேண்டும். டேப்பை ஒரு தட்டிலும் கீபோர்டை ஒரு தட்டிலும் வைத்தால் சரியாக வருகிறது. இதை அவளிடம் சொன்னபோது, "இன்னொரு தட்டு ஆப்பிள் வச்சா அதுவும் ஒத்தப்படைதாங்க" என்றாள். இவளுக்கு எல்லாவற்றிலும் சிக்கனம்.

"வினோ எதைக் கேட்டுச்சு?" என்றும் கேட்டாள். எதுவானாலும் சரி என்றாள் என்று சொன்னேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கை கால் எல்லாம் வலிக்கிறது. ஆனாலும் எழுதாமல் படுக்க மனமில்லை.

கோவில் வாசலில் பிளக்ஸ். 'தாய்மாமன் எஸ்.தவமுருகன்' என்று என் படம், முகத்தை ரொம்பவே வெள்ளையாக்கியிருந்தார்கள். தவில் நாதசுரத்தோடு தட்டுகள் வரிசையாகப் போயின. டேப்பைத் திறந்து, திரையில் மீன் நீந்த விட்டு, சுற்றிலும் மல்லிகைப் பூ வைத்திருந்தேன். எல்லோரும் அந்தத் தட்டைத்தான் பார்த்தார்கள். பின்னால் கீபோர்டுத் தட்டு. "இது எதுக்குண்ணே தனியா?" என்று மல்லிகா கேட்டாள். நான் கீபோர்டை எடுத்து டேப்புக்குப் பக்கத்தில் கொண்டு போனேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் ஓவென்று ஒரு சத்தம். பிரித்துக் காட்டினேன். மறுபடி ஒட்டினேன். மச்சான் கதிரேசன் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர், எதற்கும் அசைய மாட்டார். அவரே குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்ல மாப்ள" என்றார்.

மிதுனா என் மடியில் கத்தித் தீர்த்துவிட்டாள். வேட்டியெல்லாம் கண்ணீரும் சந்தனமும்.

வினோவிடம் டேப்பைக் கொடுத்தபோது அவள் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அக்கா அவள் தோளில் கை வைத்து, "மாமாகிட்ட ஆசீர்வாதம் வாங்கு" என்றாள். "சூப்பரா இருக்கு மாமா" என்று சொல்லிக் காலில் விழுந்தாள். கூட்டத்துக்கு நடுவில் கூச்சம் போலிருக்கிறது.

செப்டம்பர் 11, புதன்

அக்கா போனில் பிரிட்ஜைப் பற்றி இனி யாரும் பேச முடியாது என்றாள். நானும் அலுவலகத்தில் எல்லோருக்கும் படம் காட்டினேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மாடித் தொட்டியைக் கழுவினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

வினோவுக்கு வீடியோ கால் போட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே என்ன என்றேன். தோழி நிவேதா வீட்டுக்குப் போய் பிராஜெக்ட் செய்துவிட்டு வருகிறாளாம். டேப்பைக் கொண்டு போனாயா என்று கேட்டேன். "இல்ல மாமா, அது வீட்ல பத்திரமா இருக்கு" என்றாள். பொருளைப் பேணத் தெரிந்த பிள்ளை.

அக்டோபர் 6, ஞாயிறு

நேற்று வினோவுக்கு வேலைக்கான டெஸ்ட். எப்படி எழுதினாய் என்று மெசேஜ் போட்டேன். 'ஓகே மாமா' என்று பதில் வந்தது, கட்டை விரல் படம் கூட இல்லாமல்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மண்டிக்குப் பூஜை போடுவதால் மச்சான் எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வத்தலக்குண்டு போய்விட்டு இப்போதுதான் வந்தோம்.

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பூஜையில் தராசுக்கும் லாரிச் சாவிக்கும் பக்கத்தில் டேப்பையும் வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு இலை போட்டார்கள். மச்சான், அவர் தம்பி, நான், இன்னும் நாலைந்து உறவினர்கள் வரிசையாக உட்கார்ந்தோம். வினோ கூட்டு வைத்துக்கொண்டு வந்தாள். நான் பொதுவாகத்தான் கேட்டேன், "டெஸ்ட் ரிசல்ட் எப்ப வினோ?" என்று.

அவள் கரண்டியோடு நின்றுவிட்டாள். மச்சான்தான் பதில் சொன்னார்.

"எங்கிட்டு எழுதுனா, ரிசல்ட் வர? அந்த டேப்புல டெஸ்ட்டே தெறக்கலியாம். கம்ப்யூட்டர்லதான் தெறக்குமாம். ரூமப் பூட்டிக்கிட்டு உக்காந்து அழுதுட்டு வந்தா." பிறகு அவளைப் பார்த்தார். "தூக்கித் தூக்கி ஒட்டுறதுக்கு ஆசப்பட்டு வாங்கியிருக்க. படிக்கிற புள்ளைக்கு எது வேணும்னுகூடத் தெரியாதா? இதுல நீ கம்ப்யூட்டர் படிப்பு. மாமன்ட்ட கேக்குறதையாவது உருப்படியாக் கேக்கக் கூடாது?"

மல்லிகா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அப்பளக் கூடையோடு நின்றாள்.

வினோ சொன்னாள்: "ஆமாப்பா. நாந்தான் டேப் வேணும்னு மாமாகிட்ட கேட்டேன். எனக்குத்தான் தெரியல."

சொல்லிவிட்டு என் இலையில் கூட்டு வைத்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எனக்கு அது தெரிந்தது. வாயில் சோறு இருந்தது. அதை விழுங்கியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். விழுங்கினேன். அதற்குள் மச்சானின் தம்பி வாழைக்காய் விலை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நானும் அதில் சேர்ந்துகொண்டேன். பாயசம் வந்தது. இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்தேன்.

பஸ்ஸில் செண்பகம் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். வாடிப்பட்டி தாண்டியபோது கேட்டாள், "அந்தப் புள்ள உங்ககிட்ட எதைக் கேட்டுச்சு?" என்று. தலை வலிக்கிறது என்று சொன்னேன்.

அக்டோபர் 12, சனி

அந்த வாய்ஸ் மெசேஜை இன்று முழுவதும் கேட்டேன்.

"...டேப் மாதிரி வேணாம், ஏன்னா கம்பெனி டெஸ்ட் எதுவும் அதுல தெறக்காது, புரோகிராம் போடுற சாஃப்ட்வேரும் ஏறாது. கீபோர்டு இருந்தாலும் அது போன் மாதிரிதான் மாமா. அழகா இல்லாட்டியும் பரவாயில்ல. உங்களுக்குத் தெரியும், சும்மா ஞாபகத்துக்குச் சொன்னேன்."

உங்களுக்குத் தெரியும் என்கிறாள். எனக்கு எதுவும் தெரியாது. கம்ப்யூட்டர் பிரிவுக்கு எதிர் அறையில் உட்கார்ந்து லீவு லெட்டருக்குச் சீல் வைக்கிறவன் நான். வெட்கமாக இருக்கிறது. முதல்வர் கூப்பிட்டதால்தான் பாதியில் நிறுத்தினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அவர் கூப்பிட்டது உண்மை. ஆனால் 'டேப் வேணாம்' என்பதைக் கேட்ட பிறகுதான் போனைக் கீழே வைத்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுவிட்டுத் திண்டுக்கல் போனேன். கல்லூரி விடும் நேரத்துக்கு வாசலில் நின்றேன். என்னைக் கண்டதும் வினோ பயந்துபோய், "அம்மாவுக்கு என்னாச்சு?" என்றுதான் கேட்டாள்.

எதிரே ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். அவள் எதுவும் வேண்டாமென்றுவிட்டாள். நான் எலுமிச்சை ஜூஸ் சொல்லி, குடிக்காமல் வைத்திருந்தேன்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. தெரியாம வாங்கிட்டேன்" என்றேன்.

"நான் அனுப்பினதக் கேட்டீங்கல்ல மாமா?"

"முழுசாக் கேக்கல..."

"நீங்க கேட்டா எம் போன்ல மைக்கு நீலமா மாறும் மாமா. அன்னைக்கே மாறிருச்சு. அதனாலதான் நான் திரும்ப ஞாபகப்படுத்தல." கோபமாகச் சொல்லவில்லை. பாடம் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னாள்.

கோபப்பட்டிருந்தால் தேவலை. பிறகு அவளே சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கம்பெனி டெஸ்ட். இந்த வருடம் அவர்கள் கல்லூரிக்கு வருகிற கடைசிக் கம்பெனி இதுதானாம். தனி அறையில், கேமரா முன்னால், வேறு ஆள் யாரும் இல்லாமல் எழுத வேண்டும். பிரவுசிங் சென்டரில் எழுத விட மாட்டார்கள். நிவேதாவிடம் லேப்டாப் இருக்கிறது, ஆனால் அவளும் அதே நேரத்தில் அதே டெஸ்ட் எழுதுகிறாள். அப்பாவிடம் கேட்டாயா என்றேன்.

"கேட்டேன். ஆசப்பட்டு வாங்குனதுலயே எழுதுங்கிறாரு. வேலையில்லாட்டி மார்கழி முடிஞ்சதும் மாப்பிள்ளை பாக்கப் போறாங்களாம்."

நான் அவசரமாகச் சொன்னேன். "இன்னைக்கே ஒரு சின்ன லேப்டாப் எடுத்துத் தர்றேன். வா போவோம்."

"வீட்டுக்குள்ள எப்படிக் கொண்டுபோறது? யாரு குடுத்தான்னு சொல்றது?"

"அப்ப நான் வந்து மச்சான்ட்ட உண்மையச் சொல்லிடுறேன். நீ எனக்காகப் பொய் சொல்லியிருக்க. எம் மேல அவ்வளவு பாசமா இருக்கும்போது..."

"உங்களுக்காகச் சொல்லல மாமா" என்றாள். "அம்மாவுக்காகச் சொன்னேன். உங்களாலதான் சீர் பாழாப்போச்சுன்னு தெரிஞ்சா மல்லிகா சித்தி சாகுற வரைக்கும் சொல்லிக்காட்டும். நீங்க வந்து சொல்லிட்டுப் போயிருவீங்க. உங்களுக்கு மனசு லேசாயிரும். அங்க இருக்கப்போறது அம்மா."

பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். ஜன்னலில் இருந்து கையை ஆட்டினாள், மரியாதைக்கு. நான் மதுரைக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 16, புதன்

செண்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"சொன்னா மதினிக்கு அவமானம். சொல்லாட்டிப் புள்ளைக்கு நட்டம். இதுல யோசிக்க என்னங்க இருக்கு?" என்றாள். "நீங்க மதினி அவமானத்துக்காகவா யோசிக்கிறீங்க?"

தட்டைக் கழுவி வைத்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

போய்ச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் மண்டி மூடி மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். மல்லிகா மிதுனாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து போகட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். போகவில்லை. காத்திருப்பதும் ஒரு தந்திரம்தான் என்று எனக்கே பட்டது. அவள் இருக்கும்போதே ஆரம்பித்தேன்.

"மச்சான், வினோ டேப் கேக்கல. சின்ன லேப்டாப்தான் கேட்டா. டேப் வேண்டவே வேண்டாம்னு சொல்லி அனுப்பினா. நான் கேட்டும் கேக்காத மாதிரி இருந்துட்டேன். தட்டுல வச்சா எடுப்பா இருக்கும்னு இத வாங்குனேன். எனக்குக் கம்ப்யூட்டர் ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு நீங்க அவளத் திட்டுனப்பவும் பேசாம உக்காந்து சாப்பிட்டுட்டேன்."

மல்லிகா சீப்பை நிறுத்தினாள். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

மச்சான் உள்ளே பார்த்து, "வினோ" என்றார். அவள் வந்து நின்றாள். "அப்பறம் ஏன் நீ கேட்டேன்னு சொன்ன?"

அவள் தரையைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், இதை யோசிக்கவில்லை. நான் உண்மை சொன்னதும் பொய்க்காரியாக நின்றது அவள்.

"நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்" என்றாள் அக்கா. தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "டெஸ்ட் எழுத முடியலைன்னு அவ அழுதுக்கிட்டு வந்தப்ப, மாமா பேரச் சொல்லிராதடின்னு கையைப் பிடிச்சேன். எந் தம்பி தல குனியக் கூடாதுன்னு நெனச்சேன். எம் மகளப் பத்தி நெனைக்கல."

அக்கா அழுதாள். வினோ அவள் பக்கம் போகவில்லை. ஒரு அடி எடுத்து வைத்து, நின்றுவிட்டாள்.

மச்சான் என்னைத் திட்டுவார் என்று தயாராக இருந்தேன். நிஜத்தில் அதற்காகத்தான் போயிருந்தேன் போலும். அவர் ரொம்ப நேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். கையில் வாழைக்கறை.

"நாலு பேருக்கு முன்னாடி எம் புள்ளைய வஞ்சேனே மாப்ள. அத இப்ப யாரு வந்து திருப்பி எடுக்குறது?" என்றார். "போன்ல எழுதச் சொன்னவன் நான். எனக்கும் அவளக் கேக்கத் தோணலயே."

எழுந்து சட்டையை மாட்டினார். "கெளம்பு வினோ. கடை சாத்திருவான்."

"எந்தக் கடைக்குப்பா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லு."

இருவரும் பைக்கில் போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன், போய் ஏதாவது சொல்லவும் செய்திருப்பேன். நான் கொண்டு போன டேப்பையாவது திரும்ப எடுத்துப் போகட்டுமா, மாற்றி வாங்கித் தருகிறேனே என்று அக்காவிடம் கேட்டேன்.

"சீரத் திருப்பி அனுப்புறது ஒறவ முறிக்கிறதுடா. அது கெடக்கட்டும், மிதுனா பொம்மப்படம் பாப்பா" என்றாள்.

வாசல்வரை வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே இந்த வீட்டுக்கு எதையும் தூக்கிட்டு வராத தம்பி. வெறுங்கையோட வா. வராம மட்டும் இருந்துறாத."

அக்டோபர் 18, வெள்ளி

அலுவலகத்தில் அட்டெண்டர் தன் மகனுக்கு லேப்டாப்பா டேப்பா, எது வாங்கலாம் என்று கேட்டார். தெரியாது என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டார். நிஜமாகவே தெரியாது என்றேன். காது சுட்டது.

அக்டோபர் 20, ஞாயிறு

வினோவுக்கு இன்று டெஸ்ட். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். முகத்தைக் காட்டாமல் இருந்தால் அக்கா பயந்தது நடந்துவிடும் என்று செண்பகம் விரட்டினாள்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் முதலில் இனிப்புக் கடை, அடுத்தது பழக்கடை. இத்தனை வருடத்தில் அந்த இரண்டையும் சும்மா தாண்டியதில்லை. இன்று தாண்டினேன். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. தெருவில் தெரிந்தவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்த்தார்கள். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

வாசலிலேயே மச்சான் உதட்டில் விரலை வைத்தார். உள்ளே டெஸ்ட் நடக்கிறதாம். மிக்சி போடக் கூடாது, தொலைக்காட்சி கூடாது. மல்லிகாகூடத் தன் வீட்டு நாயைப் பின்பக்கம் கட்டியிருந்தாள். அக்கா சத்தமில்லாமல் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். பூட்டிய கதவுக்கு வெளியே நாங்கள் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்து விசைகளைத் தட்டும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. விலை குறைந்த பெட்டி, சத்தம் கொஞ்சம் கூடத்தான். அது நின்றால் நாற்காலி நுனிக்கு வந்தேன். மறுபடி கேட்டால் பின்னால் சாய்ந்தேன்.

கதவு திறந்தது. வினோ முகமெல்லாம் வேர்த்து வெளியே வந்தாள். அக்கா எழுந்தாள், ஆனால் முந்திக்கொண்டு போய்க் கட்டிக்கொள்ளவில்லை, அவளாக வரட்டும் என்று நின்றாள். "கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதிட்டேன்பா" என்று மச்சானிடம் சொன்னாள். பிறகு அம்மாவின் கையிலிருந்த சொம்பை வாங்கித் தண்ணீர் குடித்தாள்.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். என் கைகளையும், நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழேயும் பார்த்தாள்.

"ஒண்ணும் வாங்கிட்டு வரலையா மாமா?"

"இல்லம்மா."

"நல்லது" என்றாள். "சாப்பிட்டுட்டுப் போங்க."